பழைய நிரல் புதிய கணினியில் ஓடவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"ஓடவில்லை" என்பது அறிகுறியே அல்ல. திறக்கவே மறுக்கிறதா, திறந்ததும் மூடிக்கொள்கிறதா, நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு அச்சடிக்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எந்தக் கேள்விக்கும் முதலில் வந்து விழும் பதில் ஒன்று உண்டு: "வலது கிளிக் செய்து நிர்வாகியாக இயக்குங்கள், அப்படியே விண்டோஸ் எக்ஸ்பி பொருத்த முறையையும் (கம்பாடிபிலிட்டி மோட்) டிக் செய்யுங்கள்." அது சில நேரம் உதவும். சில நேரம் கண்ணெதிரே இருக்கும் தரவையும் காணாமல் செய்துவிடும்.

கை வைப்பதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, நிரல் இருக்கும் கோப்புறையை முழுதாக வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, சோதனைகளை நகலில் மட்டும் செய்யுங்கள். இரண்டு, அந்த நிரல் எந்தக் காலத்துப் பிறவி என்று கண்டுபிடியுங்கள். நிரல் கோப்பின் நகலை நோட்பேடில் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். ஆனால் முதல் சில வரிகளுக்குள் பார்க்க வேண்டியது கிடைத்துவிடும். பி, இ (PE) என்ற இரண்டு பெரிய ஆங்கில எழுத்துகளும் சற்றுத் தள்ளி எல் (L) எழுத்தும் இருந்தால் 32-பிட் விண்டோஸ் நிரல். எல் இருக்க வேண்டிய இடத்தில் சிறிய டி (d) இருந்தால் 64-பிட். பி-இக்குப் பதில் என்-இ (NE) இருந்தால் விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல். இவை எதுவும் இல்லாமல் தொடக்கத்தில் எம்-இசட் (MZ) மட்டும் இருந்தால், பெரும்பாலும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் அமைப்பின் நிரல். இந்த ஒரு விவரம் தெரிந்தாலே கீழே உள்ளவற்றில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

அறிகுறி: "இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது" என்று எடுத்த எடுப்பிலேயே மறுக்கிறது

டாஸ் நிரலோ 16-பிட் விண்டோஸ் நிரலோ என்றால் இதுதான் நடக்கும். 64-பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் என்டிவிடிஎம் என்ற பகுதியே கிடையாது. பொருத்த முறையில் எதை டிக் செய்தாலும் பயனில்லை. அந்த முறைக்குள் பழைய விண்டோஸ் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. நிரல் கேட்கும் சில கேள்விகளுக்குப் பழைய பதிலைச் சொல்வது மட்டுமே அதன் வேலை.

"செயலியே (பிராசசர்) 16-பிட்டை விட்டுவிட்டது, என்ன செய்வது" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. 64-பிட் முறையில் இயங்கும் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் டாஸ் நிரல்களுக்குத் தேவையான மெய்நிகர் 8086 முறை இல்லை என்பது சரி. ஆனால் 16-பிட் விண்டோஸ் நிரல்களின் குறிமுறையை அதே செயலி இன்றும் ஓட்டும். 64-பிட் லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள் அவற்றை நேரடியாக ஓட்டிக் காட்டுகிறது. விண்டோஸ் அதைக் கைவிட்டதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் காரணம் வேறு: 64-பிட் விண்டோஸின் உள் அடையாள எண்கள் 32 பிட் நீளமுள்ளவை, அவற்றை வெட்டி 16-பிட் நிரலிடம் கொடுக்க முடியாது.

ஆகவே டாஸ் நிரலுக்கு, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ்; 16-பிட் விண்டோஸ் நிரலுக்கு, வைனிலிருந்து பிறந்த வைன்விடிஎம். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. கணக்கு, சரக்கிருப்பு போன்ற வேலைகளுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸ் அல்லது விடாஸ்பிளஸ் நல்லது. கோப்புப் பூட்டு, அச்சு இரண்டிலும் அவை கூடுதல் கவனம் செலுத்துகின்றன. 32-பிட் விண்டோஸ் 10-இல் என்டிவிடிஎம் உண்டு. ஆனால் விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே இல்லை, 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிதாக அந்த வழியில் இறங்க வேண்டாம்.

அறிகுறி: நிரல் 32-பிட்தான், இன்ஸ்டாலர் மட்டும் ஓட மறுக்கிறது

1990-களின் பிற்பகுதியில் இது சாதாரணம். 32-பிட் நிரலையே 16-பிட் இன்ஸ்டாலருக்குள் வைத்து விற்றார்கள். இன்ஸ்டால்ஷீல்டு 5 வரிசையையும் மைக்ரோசாஃப்டின் ஆக்மி வரிசையையும் 64-பிட் விண்டோஸ் தானே அடையாளம் கண்டு, அவற்றுக்கு இணையான 32-பிட் பதிப்பை ஓட்டிவிடும். மற்றவற்றில் அது நடக்காது. எளிய வழி, 32-பிட் எக்ஸ்பி உள்ள மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) நிறுவி, உருவான கோப்புறையை அப்படியே எடுத்து வருவது. உடன் வரும் ஓசிஎக்ஸ் துணைக் கோப்புகளையும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகளையும் மறந்துவிடாதீர்கள்.

இன்ஸ்டாலர் ஓடுகிறது, ஆனால் நூற்றுக்கணக்கான ஜிபி காலியாக இருக்கும் வட்டில் "இடம் போதவில்லை" என்கிறதா? காலி இடத்தைக் குறியுள்ள 32-பிட் எண்ணாக வைத்துக்கொள்ளும் நிரலுக்கு 2 ஜிபியைத் தாண்டினால் அது எதிர்ம எண்ணாகத் தெரியும். 1 ஜிபி அளவில் ஒரு விஹெச்டி மெய்நிகர் வட்டை உருவாக்கி அதில் நிறுவினால் வாயை மூடிக்கொள்ளும். விண்டோஸ் 95 பொருத்த முறையும் சில நேரம் போதும்.

அறிகுறி: "விண்டோஸ் எக்ஸ்பி அல்லது அதற்குப் பிந்தையது தேவை" என்கிறது, உங்களிடம் இருப்பதோ 11

பொருத்த முறை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். எக்ஸ்பி-யின் உள் எண் 5.1. "முதல் எண் 5-ஆவது இருக்க வேண்டும், இரண்டாம் எண் 1-ஆவது இருக்க வேண்டும்" என்று தனித்தனியாகச் சோதித்த நிரல்கள் 6.0 என்ற விஸ்டாவைப் பார்த்ததும் பழையது என்று ஒதுக்கின. விண்டோஸ் 7 தன்னை 6.1 என்று சொல்லிக்கொண்டதும் இதே பொருத்தக் கவலையால்தான். 8.1-இலிருந்து, புதிய விண்டோஸைத் தெரியும் என்று தன் விவரக் கோப்பில் அறிவிக்காத எந்த நிரல் வழக்கமான வழியில் கேட்டாலும் பதில் 6.2 என்றே வரும். பொருத்த முறையில் எக்ஸ்பி-யைத் தேர்ந்தெடுத்தால் பதில் 5.1 ஆகும். அவ்வளவுதான் பிரச்சினை என்றால் அவ்வளவுதான் தீர்வு.

மைக்ரோசாஃப்டின் காம்பாடிபிலிட்டி அட்மினிஸ்டிரேட்டரில் இந்தப் பொய்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். அவற்றுக்கு ஷிம் என்று பெயர். 32-பிட் நிரலுக்கு அந்தக் கருவியின் 32-பிட் பதிப்பையே திறக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் வேர் பழையது. விண்டோஸ் 3.x காலத்து சிம்சிட்டி, விடுவித்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் பிழையோடு விற்பனையில் இருந்தது. விண்டோஸ் 95 குழு அந்த விளையாட்டை அடையாளம் கண்டு, அது ஓடும்போது மட்டும் நினைவகத்தை உடனே விடுவிக்காதபடி செய்தது. தப்பு யாருடையது என்று பார்த்திருந்தால், விண்டோஸ் மாற்றிய வீடுகளில் பல விளையாட்டுகள் நின்றிருக்கும்.

அறிகுறி: நேற்றுச் சேமித்தது இன்று இல்லை; அல்லது ஒருவர் பதிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை

நிரல் புகார் எதுவும் சொல்லாது, பிழைச்செய்தியும் வராது. இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இது.

பழைய நிரல்கள் தங்கள் தரவைத் தாங்கள் நிறுவப்பட்ட இடத்திலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே, எழுதின. விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமை இல்லை. அப்படியே தடுத்தால் ஆயிரக்கணக்கான நிரல்கள் நின்றுவிடும் என்பதால் விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. தன் உரிமைத் தேவையை அறிவிக்காத 32-பிட் நிரல் அங்கே எழுத முயன்றால், அந்தக் கோப்பைப் பயனரின் சொந்த இடத்தில் உள்ள வர்ச்சுவல்ஸ்டோர் என்ற கோப்புறைக்குத் திருப்பிவிடுகிறது. படிக்கும்போதும் முதலில் அங்கேதான் தேடும். நிரல் எல்லாம் சரியாக நடப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்.

இதனால் மூன்று விளைவுகள். ஒரே கணினியில் இரண்டு பயனர்கள் இருந்தால் இரண்டு தனித்தனித் தரவுத் தொகுதிகள் வளரும். புரோகிராம் ஃபைல்ஸை மட்டும் காப்புப்பிரதி எடுப்பவர், நிறுவிய நாளில் இருந்த வெற்றுக் கோப்புகளைத்தான் பத்திரப்படுத்திக்கொண்டிருப்பார். மூன்றாவது, தொடக்கத்தில் சொன்ன "நிர்வாகியாக இயக்கு" ஆலோசனை. நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரலுக்கு இந்தத் திருப்பிவிடல் கிடையாது. அது உண்மையான கோப்புறையைத் திறக்கும். மாதக்கணக்கில் பதிந்ததெல்லாம் ஒரே டிக்கில் காணாமல் போனதாகத் தோன்றும். தரவு அழியவில்லை, வர்ச்சுவல்ஸ்டோரில் அப்படியே இருக்கும். ஆனால் பதற்றத்தில் யாராவது உண்மைக் கோப்புறையில் புதிதாகப் பதியத் தொடங்கினால் இரண்டையும் பின்னால் இணைப்பது பெரும்பாடு.

சரிசெய்யும் வரிசை முக்கியம். எல்லாப் பயனர்களும் நிரலை மூடட்டும். ஒவ்வொரு பயனரின் லோக்கல் ஆப்டேட்டா கோப்புறைக்குள்ளும் வர்ச்சுவல்ஸ்டோர் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் எல்லாப் பதிப்புகளையும் நகலெடுத்து, எது புதியது என்று தேதியை வைத்தும் நிரலில் திறந்து பார்த்தும் முடிவு செய்யுங்கள். பிறகு நிரலைச் சி வட்டின் வேரில் ஒரு தனிக் கோப்புறைக்கு மாற்றி, பயனர்களுக்கு அங்கே எழுதும் உரிமை கொடுங்கள். நிரல் இடம் மாற ஒத்துக்கொள்ளாவிட்டால், இருக்கும் இடத்திலேயே அதன் தரவுக் கோப்புறைக்கு மட்டும் அந்த உரிமையைத் தரலாம். ஆனால் அப்போது வர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள பழைய நகலைக் கட்டாயம் அகற்ற வேண்டும். இல்லையென்றால் நிரல் அதையே முதலில் படித்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி: டிஎல்எல் அல்லது ஓசிஎக்ஸ் கோப்பு இல்லை என்கிறது, அல்லது தரவுத்தள இணைப்பு கிடைக்கவில்லை

கோப்பைச் சரியாகத்தான் சிஸ்டம்32-இல் போட்டிருப்பீர்கள். சிக்கலே அதுதான். 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 கோப்புறையில் 64-பிட் கோப்புகள் இருக்கின்றன. 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-இல் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும், ஆனால் அதுதான் நடைமுறை. பாதையைக் குறிமுறையிலேயே எழுதிவைத்த பழைய நிரல்கள் உடையக் கூடாதென்று பெயரை மாற்றாமல் விட்டார்கள். 32-பிட் ஓசிஎக்ஸை சிஸ்வாவ்64-இல் போட்டு, அதே கோப்புறையில் உள்ள ரெக்எஸ்விஆர்32-ஐ நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பதிவு செய்யுங்கள்.

தரவுத்தள இணைப்பிலும் இதே கதை. கன்ட்ரோல் பேனலில், தரவுத்தள இணைப்பை அமைக்கும் ஓடிபிசி கருவிகள் இரண்டு உண்டு. 64-பிட்டில் உருவாக்கிய இணைப்பை 32-பிட் நிரலால் பயன்படுத்த முடியாது. விஷுவல் பேசிக் 6 நிரல்களுக்கான இயக்கக் கோப்பு இன்றைய விண்டோஸிலும் கூடவே வருகிறது. 5-க்கானது வருவதில்லை, தனியாக நிறுவ வேண்டும்.

எந்தக் கோப்பு என்று நிரல் சொல்லாமல் மூடிக்கொண்டால், நிரல் திறக்க முயலும் கோப்புகளைக் காட்டும் பிராசஸ் மானிட்டரை ஓடவிட்டு, அந்த நிரலை மட்டும் வடிகட்டி, கடைசிச் சில வரிகளில் "கிடைக்கவில்லை", "அனுமதி இல்லை" என்ற விடைகளைத் தேடுங்கள். ஊகித்து டிஎல்எல்களைப் பதிவிறக்குவதைவிட இது வேகமானது. டிஎல்எல் மட்டும் தரும் தளங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

அறிகுறி: தொடங்கியவுடன் "ரன்டைம் எரர் 200"

டர்போ பாஸ்கலில் எழுதிய டாஸ் நிரல். கணினியின் வேகத்தை அளக்க, சுமார் 55 மில்லிவினாடி கொண்ட ஒரு கடிகாரத் துடிப்புக்குள் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, 55-ஆல் வகுக்கும். செயலி வேகமானால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. செயலி அதை வகுத்தல் பிழையாகக் காட்டும். 200 என்பது பாஸ்கலில் வகுத்தல் பிழையின் எண். சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் செயலிகளில் இது தலைகாட்டத் தொடங்கியது தற்செயல், ஆனால் பலரையும் குழப்பிய தற்செயல். டாஸ்பாக்ஸில் சுழற்சி எண்ணிக்கையை 3000 போன்ற சிறிய நிலையான எண்ணாக வைத்தால் சரியாகிவிடும். கன்ட்ரோலோடு எஃப்11 குறைக்கும், எஃப்12 கூட்டும். நிரல் கோப்பையே திருத்தும் சிறு கருவிகளும் உண்டு. நகலில் மட்டும் ஓட்டுங்கள்.

அறிகுறி: சில நாள் ஓடுகிறது, சில நாள் "வட்டில் இடமில்லை" என்கிறது

டெல்ஃபி அல்லது பாரடாக்ஸ் நிரலா? போர்லண்ட் தரவுத்தள எஞ்சின் உள்ளே இருக்கும். அது காலி இடத்தை 32 பிட்டில் அளக்கிறது. ஆகவே காலி இடம் 4 ஜிபியின் மடங்கைச் சற்றே தாண்டியிருக்கும் நாளில் அதன் கண்ணுக்கு மிச்சம் மட்டுமே தெரியும்: 40 ஜிபியும் சில எம்பியும் காலி என்றால், சில எம்பி மட்டுமே காலி. நாலைந்து கோப்புகளை அழித்தாலோ சேர்த்தாலோ மாயமாகக் குணமாகிவிடும், அதனால்தான் காரணம் பிடிபடுவதில்லை. நிரல் பயன்படுத்தும் இயக்ககம் 4 ஜிபிக்குள் அடங்கும் தனிப் பகுதியாக இருந்தால் இது வரவே வராது.

அறிகுறி: வலையமைப்பில் பலர் பயன்படுத்தும்போது டிபிஎஃப் தரவுக் கோப்பின் அட்டவணை (இன்டெக்ஸ்) அடிக்கடி கெடுகிறது

கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் நிரல்களில் தரவுத்தள சர்வர் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் பகிர்ந்த கோப்பைத் தானே திறந்து, சில பைட்டுகளைப் பூட்டி, தானே எழுதுகிறது. பகிரும் சர்வரோ வேகத்துக்காகக் கோப்பின் ஒரு பகுதியைப் பயனர் கணினியே நினைவில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. ஆப்லாக், லீஸ் என்று பெயர்கள். ஒரு கணினி தன் நினைவில் உள்ளதை இன்னும் எழுதாத நேரத்தில் இணைப்பு தடுமாறினால், அட்டவணையும் தரவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும்.

இதற்கு நீங்கள் தேடி எடுக்கும் ரெஜிஸ்ட்ரி ஆலோசனைகள் பெரும்பாலும் விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி-யின் பதிப்பு 1 காலத்தவை. எஸ்எம்பி 2 முதல் பயனர் கணினியில் ஆப்லாக்கை அணைக்கும் அந்த வழி செல்லாது. அதற்காக எஸ்எம்பி 1-ஐத் திரும்பக் கொண்டுவருவதும் வேண்டாம், பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பேர்போனது அது. சர்வர் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். விண்டோஸ் சர்வரில் அந்தப் பகிர்வின் லீஸ் முறையை மட்டும் "இல்லை" என்று பவர்ஷெல்லில் அமைக்கலாம். லினக்ஸில் கோப்பு பகிரும் சாம்பாவில், டிபிஎஃப் தரவுக் கோப்புகளையும் என்டிஎக்ஸ், சிடிஎக்ஸ் அட்டவணைக் கோப்புகளையும் மட்டும் ஆப்லாக்கிலிருந்து விலக்கும் அமைப்பு உண்டு. வைஃபையில் இந்த நிரல்களை ஓட்டவே கூடாது.

முடிந்தால் இதையெல்லாம் தாண்டி, நிரலைச் சர்வரிலேயே ஓட்டி, பயனர்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வரட்டும். கோப்பு எப்போதும் உள்ளூர் வட்டில் இருக்கும், வலையமைப்பில் போவது திரையில் தெரியும் படமும் விசை அழுத்தல்களும் மட்டுமே. அட்டவணையைத் தினமும் மறுபடி கட்டும் தொகுதிக் கோப்பு வைத்திருப்பவர்கள் அறிகுறியை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அறிகுறி: அச்சு வரவில்லை, அல்லது நிரலை மூடிய பிறகே வருகிறது

டாஸ் நிரல் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டுக்கு நேரடியாக எழுதும். இன்றைய கணினியில் அந்தப் போர்ட்டே இல்லை. பிரின்டரைப் பகிர்வில் வைத்து, "நெட் யூஸ்" கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பலாம். ஆனால் பிரின்டர் வெறும் எழுத்தைப் புரிந்துகொள்வதாக இருந்தால்தான் இது பலிக்கும். டாட் மேட்ரிக்ஸ் புரிந்துகொள்ளும். படத்தைக் கணினியே வரைந்து அனுப்ப வேண்டிய மலிவு பிரின்டர்கள் புரிந்துகொள்ளாது. அவற்றுக்கு டாஸ்பாக்ஸ்-எக்ஸின் மெய்நிகர் பிரின்டரே வழி. கடைசிப் பக்கம் மட்டும் தங்கிவிடுகிறது என்றால், நிரல் "பக்கம் முடிந்தது" என்ற குறியை அனுப்பவில்லை.

அறிகுறி: எழுத்துகள் குப்பையாகத் தெரிகின்றன

யூனிகோடுக்கு முந்தைய நிரல்கள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில் ஓடுபவை. டிஸ்கி, டேப், டேம் எழுத்துருக்களை நம்பிய தமிழ் நிரல்களும் அப்படித்தான். மேல் 128 இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டு, விண்டோஸ் அவற்றை மேற்கத்திய எழுத்துகள் என்று நினைக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆகவே யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழியைத் தமிழ் என்று வைப்பது இங்கே தவறான உள்ளுணர்வு. ஆங்கிலம் என்று வைத்து, உரிய எழுத்துருவை நிறுவுங்கள். அதே இடத்தில் "உலகெங்கும் யுடிஎஃப்-8" என்றொரு சோதனை வசதி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: லினக்ஸில் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, "அப்படியொரு கோப்பு இல்லை" என்கிறது

இல்லாதது உங்கள் நிரல் அல்ல, அதை ஏற்றிவிட வேண்டிய 32-பிட் ஏற்றி. டெபியன் வகைகளில் ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, 32-பிட் சி நூலகத்தை நிறுவினால் ஓடும். உபுண்டு 2019-இல் 32-பிட் தொகுப்புகளை முற்றிலும் கைவிடப் பார்த்து, எதிர்ப்புக்குப் பின் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது. உங்களுக்குத் தேவையான நூலகம் அந்தப் பகுதியில் இல்லாமலும் போகலாம்.

லினக்ஸில் இரண்டு வாக்குறுதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயனர் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் அமைப்பின் மையப் பகுதியான கர்னல் கறாரானது, நூலகங்கள் அப்படியல்ல. எனவே பழைய லினக்ஸ் வினியோகத்தின் நூலகங்களை ஒரு கன்டெய்னரில் (தனித்து ஓடும் பெட்டகம்) வைத்துப் புதிய கர்னலின் மேல் ஓட்டுவதுதான் பெரும்பாலும் வெல்லும் வழி. அங்கும் தொடங்கியதும் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால், கர்னல் அளவுருவில் விசிஸ்கால் "எமுலேட்" என்று இருக்கிறதா பாருங்கள். மிகப் பழைய சி நூலகங்கள் அதை நம்பியிருக்கின்றன. 1990-களின் ஏ.அவுட் வடிவக் கோப்புகளுக்கு இந்த வழியும் இல்லை. எக்ஸ்86 கர்னலில் அந்த ஆதரவை 2022-இல் நீக்கிவிட்டார்கள்.

அறிகுறி: மேக்கில் "நிரலைப் புதுப்பிக்க வேண்டும்" என்று மறுக்கிறது

32-பிட் நிரல். 2019-இல் வந்த காடலினாவிலிருந்து ஓடாது, அமைப்புகளில் தேட எதுவுமில்லை. இன்டெல் மேக் என்றால் மெய்நிகர் கணினியில் மொஹாவே வைக்கலாம். ஆப்பிள் சிலிக்கானில் அதுவும் முழு எமுலேஷனாக, மெதுவாகத்தான் ஓடும். வேடிக்கை என்னவென்றால், அதே நிரலின் 32-பிட் விண்டோஸ் பதிப்பு கிடைத்தால், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் கிராஸ்ஓவர் மூலம் இதே மேக்கில் ஓட வாய்ப்புண்டு.

அறிகுறி: டாங்கிள் (உரிமத்தைக் காட்டும் செருகுக் கருவி) இல்லை, அசல் சிடி இல்லை என்கிறது, இரண்டும் செருகித்தான் இருக்கின்றன

இது டிரைவர் சிக்கல். நிரல் 32-பிட்டாக இருந்தாலும் 64-பிட் விண்டோஸின் கர்னல் 32-பிட் டிரைவரை ஏற்றாது. சிடியை நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் காப்பின் டிரைவர் விண்டோஸ் 10-இல் கிடையாது. விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் 2015 செப்டம்பர் பாதுகாப்புப் புதுப்பிப்பு அதை முடக்கியது. டாங்கிள் தயாரிப்பாளரிடம் 64-பிட் டிரைவர் கேளுங்கள். இல்லை என்றால் மிச்சமிருப்பது மெய்நிகர் கணினி.

அதற்கு விண்டோஸ் 95, 98-ஐவிட 32-பிட் எக்ஸ்பி அல்லது 2000 நல்ல தேர்வு. டாஸ், 16-பிட், 32-பிட் மூன்றும் அதில் ஓடும். 98-தான் வேண்டும் என்றால் நினைவகத்தை 512 எம்பிக்குக் கீழே வையுங்கள். அதற்கு மேல் போனால் அதன் கோப்பு நினைவகப் பகுதி முகவரி இடத்தை விழுங்கிவிட்டு "நினைவகம் போதவில்லை" என்று சொல்லும். 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட செயலிகளில் 95-உம் 98-உம் தொடங்கும்போதே வலையமைப்புப் பகுதியில் "புரொடெக்ஷன் எரர்" தந்து நிற்பது அறியப்பட்ட கோளாறு, திருத்தக் கோப்பு தேவை. எந்தப் பதிப்பானாலும் மெய்நிகர் வலையட்டையை எடுத்துவிடுங்கள். கோப்புகள் பகிர்வுக் கோப்புறை வழியாகவோ ஐஎஸ்ஓ வழியாகவோ வந்து போகட்டும். மெய்நிகர் கணினியின் அந்நேர நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் காப்புப்பிரதி ஆகாது. வாரம் ஒருமுறை மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு, அதன் வட்டுக் கோப்பை வேறொரு வட்டுக்கு நகலெடுங்கள்.